அரம் தேய்த்த இரண்டெழுத்து

மரப்பெட்டியின் மூடியைக் கடப்பாரையால் நெம்பியபோது முதலில் வெளியே வந்தது வாசனைதான். பழைய கிரீஸும், நனைந்து காய்ந்த வைக்கோலும், துருவும் கலந்த வாசனை. உள்ளே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பன்னிரண்டு ராணுவ ரைபிள்கள் தலைமாடு கால்மாடாக அடுக்கிக் கிடந்தன. கடையில் துப்பாக்கி பழுது பார்க்கும் பிட்டர் ஒவ்வொன்றாகத் தூக்கி, இரும்பில் வெட்டியிருந்த நம்பரைக் கட்டைவிரலால் துடைத்து உரக்கப் படித்தார். மதராஸிலிருந்து ஏல வியாபாரி அனுப்பியிருந்த பட்டியலில் அந்த நம்பரைத் தேடி நான் ஒரு கோடு போட்டேன். பட்டியலில் ஒவ்வொரு நம்பருக்குப் பக்கத்திலும் டி, பி என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் டைப் அடிக்கப்பட்டிருந்தன. ரயில் பார்சல் குறிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதுகூட அதிகம். பார்த்தேன், தாண்டிப் போனேன். எங்கள் லைசென்ஸ் நோட்டில் அந்த எழுத்துகளை எழுத இடம் இல்லை. நம்பரை மட்டும் ஏற்றிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டேன்.

விருதுநகர் கடைவீதியில் இருந்த அந்தத் துப்பாக்கிக் கடையில் நான் கிளார்க்காக இருந்தது ஐம்பதுகளின் கடைசியிலிருந்து ஆறு வருஷம். கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும், யாரிடம் எந்தத் துப்பாக்கி போனது என்று நோட்டில் பதிவதும் என் வேலை. கடையில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். முதலாளி கையெழுத்து மட்டும் போடுவார். பிட்டருக்கு நம்பர் தெரியும், எழுத்து தெரியாது. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொன்னால் நான் எனக்குச் சாதகமாகக் கதையை வளைப்பதுபோல ஆகிவிடும்.

யுத்தம் முடிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ராணுவம் கழித்துப் போட்ட ரைபிள்கள் ஏலத்தில் வந்துகொண்டிருந்தன. ஆனால் ராணுவக் குண்டு போகிற குழல் உள்ள துப்பாக்கியைப் பொதுஜனம் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்காது. குழலை அகலமாகக் கடைந்து, முன்பக்கத்துக் கட்டையை வெட்டி, ஒரு நேரத்துக்கு ஒரு தோட்டா மட்டும் போடும்படி மாற்றினால் அது வேட்டைத் துப்பாக்கி. பயிர்க்காவல் லைசென்ஸ் இருக்கிறவருக்கு விற்கலாம். மேற்கே மலையடிவாரம் வரைக்கும் கடலை போட்ட சம்சாரிகள் காட்டுப்பன்றியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு கூட்டம் இறங்கிவிட்டுப் போனால் அந்தக் கடலைக் காட்டில் ஏர் உழுததா பன்றி உழுததா என்று தெரியாது. புதுத் துப்பாக்கி வாங்க அவர்களால் ஆகாது. அதனால் எங்கள் கடையில் பிட்டர் மாற்றித் தரும் துப்பாக்கிக்குப் பெயர் எழுதிவைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

பிட்டர் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். பிறகு சிவகாசி அச்சாபீஸ்களில் மிஷின் பழுது பார்த்தவர். துப்பாக்கி வேலையைத் தானாகவே பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். நாற்பது வயதிருக்கும். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. டீயை நின்றுகொண்டே குடிப்பார். பேசும்போது கை சும்மா இருக்காது. மேஜையில் கிடக்கும் ஆணியையாவது எடுத்து நிமிர்த்திக்கொண்டிருக்கும். பயன்படாத சாமானைப் பார்த்தால் அவருக்கு ஒரு கோபம் வரும், நிஜமான கோபம். கடையின் பின்கட்டில் ஓடாத ஒரு சுவர்க்கடிகாரம் பல வருஷமாகத் தொங்கியது. சேர்ந்த முதல் வாரமே அதைக் கழற்றி, ஓட வைத்துவிட்டுத்தான் வேறு வேலையில் கைவைத்தாராம்.

பழைய துப்பாக்கியைப் புதுசாக்கித் தருவது அவருக்குப் பெருமை. சட்டத்துக்கு வேண்டிய நம்பரை மட்டும் விட்டுவிட்டு மற்ற முத்திரை, எழுத்து, கீறல் எல்லாவற்றையும் அரம் போட்டுத் தேய்த்து எடுப்பார். கட்டையை உப்புத்தாளால் இழைத்து எண்ணெய் ஏற்றுவார். இரும்பு கருநீலமாக மின்னும். சம்சாரிகள் அதைத் தடவிப் பார்த்து, "சீமையிலருந்து இப்பத்தான் வந்த மாதிரில்ல இருக்கு" என்பார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் அடுத்த குழலைக் கடைசல் மிஷினில் மாட்டிக்கொண்டிருப்பார்.

அந்தப் பன்னிரண்டிலும் ஒரு குறை இருந்தது. தோட்டாவைத் தட்டுகிற ஊசியின் முனை எல்லாவற்றிலும் மழுங்கத் தேய்க்கப்பட்டிருந்தது. பிட்டர் அதை என்னிடம் காட்டினார். "ஏலத்துக்கு விடுறதுக்கு முன்ன பட்டாளத்துல தேச்சு விட்டிருப்பாக. நம்மள நம்பி அப்படியே குடுத்துருவாகளா" என்று சிரித்தார். புது ஊசி செய்து போட்டுவிடலாம் என்றார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

இரண்டாம் வாரம் சிவகாசியிலிருந்து பட்டாசுக் கம்பெனி அண்ணாச்சி ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, விரலில் எப்போதும் போகாத ஒரு அலுமினியச் சாம்பல் நிறம். பழைய வாள், பூட்டு, தராசு, துப்பாக்கி என்று சேர்த்துவைக்கிறவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். கைபடாத ராணுவ ரைபிள் ஒன்று வேண்டும் என்றார். சுடமுடியாது என்று சான்று வாங்கி, அப்படியே கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொள்ள அவருக்கு மேலிடத்து அனுமதி இருந்தது. முதலாளிக்குச் சம்மதம். பிட்டருக்குத்தான் ஆகவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீக. கண்ணாடிக்குள்ள வச்சு என்ன செய்யப் போறீக? அங்கன ஒருத்தன் காடு பூரா பன்னி மேய்ஞ்சு போயி உக்காந்திருக்கான். ஒண்ணு கிடைச்சா ஒரு குடும்பம் பிழைக்கும்."

அண்ணாச்சி கோபப்படவில்லை. மேஜை மேல் முடித்து வைத்திருந்த துப்பாக்கி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலை சுத்தமா இருக்குய்யா. ஆனா இது எங்கன பிறந்துச்சு, யார் கையில இருந்துச்சு, என்ன பாடுபட்டுச்சுன்னு இனி ஒருத்தனும் சொல்ல முடியாது. அம்புட்டையும் தேச்சிட்டீரே."

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"என்ன ஆகும்னு தெரியாமத்தான்யா வச்சிருக்கது."

பிட்டர் போய், பெட்டியில் மிச்சம் கிடந்ததில் ஒரு ரைபிளை, கிரீஸைக்கூடத் துடைக்காமல், கொண்டுவந்து டப்பென்று வைத்தார். ஊசிதான் மழுங்கிக் கிடக்கிறதே. சுடாது என்று சான்று எழுதிக் கொடுப்பது எளிதாகப் போயிற்று. அண்ணாச்சி அதைத் துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். "செத்த பிணத்தை அலங்கரிச்சு வைக்கிற மாதிரி" என்று பிட்டர் என் காதில் சொன்னார். மற்றப் பதினொன்றும் மூன்று மாதத்தில் புதுசாகி ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

அதில் ஒன்றை வாங்கியவர் புதுப்பட்டிக்கு மேற்கே ஒரு சின்ன ஊரின் சம்சாரி. மனைவியையும் கூட்டிக்கொண்டு பஸ் மாறி வந்திருந்தார். மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். தோட்டாவை வீட்டிலேயே மறுபடி மருந்து நிரப்பிக்கொள்வது அப்போது வழக்கம். பலபேர் கைக்கு வந்தபடி கொட்டுவார்கள். அவர் மட்டும் மடியிலிருந்து நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் குட்டித் தராசு ஒன்றை எடுத்து எங்கள் மேஜையில் வைத்தார். எவ்வளவு மருந்து, எவ்வளவு ஈயம் என்று பிட்டரிடம் மூன்று தடவை கேட்டு, எங்கள் முன்னாலேயே நிறுத்துக் காட்டி, சரிதானா என்று உறுதிசெய்துகொண்டார். அவர் மனைவி பக்கத்தில் நின்று, "உப்புக்கூட இவுக இப்படி நிறுத்துத்தான் போடச் சொல்லுவாக" என்றார். எல்லோரும் சிரித்தோம். கூச்சத்தோடு அவரும் சிரித்தார்.

அடுத்த கடலை வெட்டுக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் அந்தத் துப்பாக்கி அவர் கன்னத்தருகே வெடித்தது. பின்பக்கத்து இரும்பு பிய்ந்து தெறித்ததில் வலது கண் போயிற்று. வலது கையில் கட்டைவிரலும் பக்கத்து விரலும் போயின. செய்தி எங்களுக்கு வர நான்கு நாள் ஆனது. முதலாளி கேட்டதும் சொன்ன முதல் வார்த்தை, "மருந்தக் கூடப் போட்டிருப்பான்." அப்படித்தான் போலீசிலும் எழுதினார்கள். ஊரிலும் அப்படித்தான் பேசினார்கள். அளவு பார்க்காமல் மருந்தைக் கொட்டியதாகச் சொல்லி அவர் லைசென்ஸையும் ரத்து செய்தார்கள்.

பிட்டரும் நானும் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனோம். தலையைச் சுற்றிக் கட்டு. ஒற்றைக் கண்ணால் எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார். அவர் கேட்டது ஒரே கேள்வி. "நான் அளவு தப்பிட்டேனா? விளக்கு வெளிச்சத்துல தராசு முள்ளு எனக்குச் சரியாத் தெரியலையோ?" மனைவி குறுக்கே வந்தார். "அவுக தப்பல. நான் கூடவேதான இருந்தேன். ஊரே சிரிக்கவும் இவுகளே நம்ப ஆரம்பிச்சிட்டாக." பிட்டர் கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு, உடைந்த துப்பாக்கி எங்கே என்று கேட்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு சாக்கில் கிடந்தது. ரிப்பேர் லைசென்ஸ்காரர் என்பதால் பார்க்க விட்டார்கள். தெறித்த துண்டை வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். என்னிடம் நீட்டினார். முறிந்த முகத்தில் பாதி வெள்ளையாக மின்னியது, மறுபாதி கறுத்துத் துருவேறியிருந்தது. "வெள்ளை, இப்ப முறிஞ்சது. கறுப்பு எப்பயோ முறிஞ்சது. நான் கையில எடுக்கும்போதே இதுக்குள்ள விரிசல் இருந்திருக்கு, கிளார்க்கே. அதுக்கு மேல நான் மையடிச்சு அழகாக்கி வித்திருக்கேன்." குரல் உயரவில்லை. ஆனால் அன்று பஸ்ஸில் இடம் இருந்தும் மதுரையிலிருந்து விருதுநகர் வரைக்கும் அவர் நின்றுகொண்டே வந்தார்.

மறுநாள் காலை வேலைக்கு வந்தவர் ஏப்ரனைக் கட்டவில்லை. "ஒரே பெட்டியில வந்தது. ஒண்ணுக்கு விரிசல்னா மத்ததுக்கு? நான் தொட்டதுல பார்த்து ஒண்ணும் புரியாது. தொடாதது ஒண்ணு இருக்குல்ல" என்றார். சிவகாசிக்குப் போனோம்.

அண்ணாச்சியின் கம்பெனி ஊருக்கு வெளியே இருந்தது. சீசன் நேரம். ஆர்டருக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த ரைபிள் நேராக நின்றது. அண்ணாச்சி கிரீஸை மட்டும் மெல்லத் துடைத்திருந்தார். கட்டையின் கழுத்துப் பகுதியில் ஒரு வெள்ளைப் பெயின்ட் வளையம். அதன் கீழே, மரத்தில் சூடு வைத்ததுபோல ஆழமாக இரண்டு எழுத்துகள். குழலின் அடியில், இரும்பில், அதே இரண்டு எழுத்துகள். பிட்டருக்கு அவை அடையாளம் தெரிந்தன. "இதுதான். பதினொண்ணுலயும் இருந்துச்சு. கம்பெனிப் பேருன்னு நெனச்சுத் தேச்சேன். என்னன்னு படிங்க கிளார்க்கே."

நான் படித்தேன். டி. பி. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை, அண்ணாச்சிக்கும் தெரியவில்லை. அவர் கேட் வாட்ச்மேனைக் கூப்பிட்டனுப்பினார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், காக்கிச் சட்டையை இன்னும் இஸ்திரி போட்டுத்தான் போடுவார். உள்ளே வந்தவர் வாசலில் நின்றபடியே ரைபிளைப் பார்த்தார். கிட்டே வரக்கூட இல்லை.

"அது டிரில் துப்பாக்கி சார். டி.பி.ன்னா டிரில் பர்ப்பஸ். புதுசாச் சேர்ற பயலுக தோள்ல வச்சு நடந்து பழகுறதுக்கு. சுடுறதுக்கு லாயக்கில்லைன்னு கழிச்சதைத்தான் அதுக்குக் குடுப்பாக. வெள்ள வளையம் பார்த்தீகளா? குருடனுக்கும் தெரியணும்னு போட்டது. ஊசியத் தேச்சு விட்டிருவாக, யாரும் தவறிக்கூடத் தோட்டா போட்டுறக் கூடாதுன்னு."

பிட்டர் தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது ஊசி செய்த கை. எனக்கோ பெட்டி திறந்த அன்றைய பட்டியல் கண்முன் வந்து நின்றது. பன்னிரண்டு நம்பர், பன்னிரண்டு தடவை அந்த எழுத்து. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது சொன்னால் என்ன ஆகும், வீட்டில் இரண்டு குழந்தை, வேலை போனால் என்ன செய்வது என்று மனசு வேகமாக எங்கெங்கோ ஓடியது. பிட்டர் படிக்கத் தெரியாதவர். அவருக்கு மன்னிப்பு உண்டு. எனக்கு?

முதலாளியிடம் பிட்டர் அன்றே சொன்னார். மிச்சம் பத்துத் துப்பாக்கியையும் திருப்பி வாங்க வேண்டும் என்றார். முதலாளி கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார். கடையின் லைசென்ஸ் போய்விடும், எல்லோர் பிழைப்பும் போய்விடும், ஒன்று வெடித்ததால் எல்லாம் வெடிக்கும் என்று அர்த்தமில்லை, பொறுத்துப் பார்ப்போம் என்றார். "பொறுத்துப் பார்க்கிறதுன்னா என்ன முதலாளி? அடுத்த கண்ணு போற வரைக்குமா?" என்று கேட்டுவிட்டு பிட்டர் வெளியே வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை லைசென்ஸ் நோட்டை நான் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு அவரோடு போனேன். அதைத் துணிச்சல் என்று சொல்லமாட்டேன். வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆறு ஞாயிறு அலைந்தோம். பஸ், பிறகு வாடகைச் சைக்கிள், பிறகு நடை. பிட்டர் முன்னால் போவார். போன இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுவார். "நான்தான் மாத்திக் குடுத்தது. தப்பாயிருச்சு. சுடாதீக. திருப்பிக் குடுத்திருங்க." சிலர் பயந்து உடனே கொடுத்தார்கள். சிலர் வைதார்கள். திருத்தங்கல் பக்கம் ஒருவர் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, "இனிப் பன்னி வந்தா உம்மையக் கூப்பிடுதேன், வந்து கையால விரட்டும்" என்றார். அந்த வார்த்தை பிட்டரைக் குத்தியது. மறுநாளே அண்ணாச்சியிடம் போய்ப் பேசினார். சீசனில் மிச்சமான அணுகுண்டு வெடிகளை அண்ணாச்சி மூட்டை மூட்டையாக அந்தச் சம்சாரிகளுக்கு அனுப்பினார். அது துப்பாக்கிக்கு ஈடாகாது. இரண்டு வாரத்தில் பன்றி அந்தச் சத்தத்துக்குப் பழகிவிடும். ஆனாலும் அந்த வருஷக் கடலை பெரும்பாலும் வீடு வந்து சேர்ந்தது.

ஒரே ஒருவர்தான் மறுத்தார். மலையடிவாரத்தில் புருஷன் இறந்தபின் தனியாக விவசாயம் பார்த்த ஒரு அம்மா. லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது. "வருசம் ஒண்ணாச்சு, ஒரு தடவை தப்பல. உங்க கடையில ஏதோ தகராறு, அதுக்கு எந் துப்பாக்கியக் கேக்கீகளா?" என்றார். பிட்டர் அதைக் கல்லுக்கட்டில் வைத்துக் கட்டி, விசையில் நீளக் கயிறு போட்டு, பாறைக்குப் பின்னாலிருந்து இழுத்தார். வெடிக்கவில்லை. ஐந்து தடவை இழுத்தார், ஐந்து தடவையும் உடையாமல் நன்றாகவே சுட்டது. அந்த அம்மா இடுப்பில் கைவைத்து நின்றார். பிட்டர் நின்ற நிலையைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லையே என்று ஒரு மனிதன் தவித்து நிற்பதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

பிறகு அவர் துப்பாக்கியை அவிழ்த்து, அதே மாதிரி இன்னொரு தோட்டாவைப் போட்டு, அந்த அம்மாவிடம் நீட்டினார். "சரி ஆத்தா. இப்ப உங்க மகன் கையில குடுத்து, கன்னத்துல வச்சு ஒரு தடவை சுடச் சொல்லுங்க. நான் போயிருதேன்." மகன் அங்கேதான் நின்றான், கல்யாணத்துக்கு நிச்சயம் செய்திருந்த பையன். அவன் கை நீட்டவும் செய்தான். அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். துப்பாக்கியைப் பிடுங்கி என் காலடியில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பத்தும் வந்து சேர்ந்தபின் பிட்டர், கலெக்டருக்கு ஒரு மனு அடிக்க வேண்டும் என்றார். மருந்து கூடியதால் வெடிக்கவில்லை, துப்பாக்கியே கழித்துக்கட்டியது என்று எழுதினால்தான் அந்தச் சம்சாரியின் பெயர் துலங்கும். அதற்கு அத்தாட்சி வேண்டும். அவர் கைபட்ட பதினொன்றிலும் அத்தாட்சியை அவரே அரம் போட்டு அழித்துவிட்டார். மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதைக் கேட்க அவர் தனியாகப் போகமாட்டேன் என்று என்னைக் கூட்டிப்போனார். அண்ணாச்சியின் அறையில் முதல் தடவையாக அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, அன்னைக்குப் பிணம்னு சொன்னேன். உங்க காதுல விழுந்துச்சோ என்னவோ."

"விழுந்துச்சு."

"இப்ப அதைக் குடுக்கணும். குடுத்தா சர்க்காரு திருப்பித் தராது."

அண்ணாச்சி கொஞ்சநேரம் ஜன்னல் வழியே லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த அறைச் சாமான்களைத்தான் காலையும் மாலையும் துடைப்பார் என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தார். எழுந்து போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். முதலில் அதைத் தன் வேட்டித் தலைப்பால் ஒரு தடவை துடைத்தார். "எடுத்துட்டுப் போங்கய்யா. உடைச்சுத்தான் போடுவாக. அந்த எழுத்தை மட்டும் முதல்ல போட்டோப் பிடிச்சு வச்சுக்கிடுங்க." சொன்னபிறகு எங்களைப் பார்க்கவில்லை.

மனுவைக் கடையிலேயே, முதலாளி வெளியூர் போயிருந்த ஒரு பிற்பகலில் அடித்தேன். பிட்டர் தமிழில் சொல்வார், நான் ஆங்கிலத்தில் மாற்றி அடிப்பேன். "எழுத்துத் தெரியாததால நான் தேச்சிட்டேன். வேற யாருக்கும் இதுல சம்பந்தமில்லைன்னு போடுங்க" என்றார். என் விரல்கள் நின்றுவிட்டன. நான் எதை அடித்தாலும் அவரால் படிக்க முடியாது. அந்தப் பட்டியல் என் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது, கிழித்துப்போட்டால் முடிந்தது. மின்விசிறி சுற்றியது. அவர் நின்றபடி காத்திருந்தார்.

இழுப்பறையைத் திறந்து பட்டியலை எடுத்து அவர்முன் வைத்தேன். நம்பர்களுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினேன். கண்ணாடிப் பெட்டியில் பார்த்த எழுத்து அவருக்கு இப்போது பழக்கம். ஒன்று, இரண்டு, மூன்று என்று பன்னிரண்டு வரைக்கும் அவர் விரல் இறங்கியது.

"பெட்டி வந்த அன்னைக்கேவா?"

"ஆமா."

"அர்த்தம் தெரியுமா அப்ப?"

"தெரியாது. கேக்கணும்னு தோணல."

நான் எதிர்பார்த்த வசவு எதுவும் வரவில்லை. கடைசல் மிஷின் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தார். மறுபடி போய்த் திரும்பி வந்தார். பிறகு டைப் மெஷினைக் கையால் காட்டி, "அப்ப அதையும் அடிங்க" என்றார்.

அடித்தேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். மனுவையும் ரைபிளையும் பத்துத் துப்பாக்கிகளையும் தாலுகா ஆபீசில் ஒப்படைத்தோம். விசாரணைகள் நடந்தன. கடைக்கு லைசென்ஸ் நிறுத்தப்பட்டது. பிட்டரின் ரிப்பேர் லைசென்ஸ் போயிற்று. முதலாளி என்னைத் திட்டவில்லை. டைப் மெஷினின் மேல் உறையைப் போட்டு மூடிவிட்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். துப்பாக்கிகள், அண்ணாச்சியுடையது உட்பட, சம்மட்டியால் நொறுக்கப்பட்டதாகக் கேள்வி. பிட்டர் பழையபடி அச்சாபீஸ் மிஷின் வேலைக்குப் போனார். அவர் சொல்லித்தான் எனக்கும் திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் பிழை பார்க்கும் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை. ஒரு எழுத்து புரியவில்லை என்றால் அச்சுக் கோப்பவரை மூன்று தடவை கேட்பேன். என்னைத் தொந்தரவு பிடித்த ஆள் என்று அங்கே பேசிக்கொண்டார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது விசாரணை முடிந்த வாரத்தைப் பற்றி. மருந்தின் அளவில் தப்பில்லை என்று உத்தரவு வந்ததும், அதன் நகலை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் புதுப்பட்டிக்கு மேற்கே அந்தச் சம்சாரி வீட்டுக்குப் போனோம். அவர் இடது கையால் மாட்டுக்குக் கூளம் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் உத்தரவைத் தமிழில் வாசித்தேன். மனுவில் எழுதியிருந்ததையும் முழுசாகச் சொன்னேன், பட்டியலில் இருந்த எழுத்தையும் சேர்த்து. அவர் அதையெல்லாம் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. ஒரே ஒரு வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தடவை என்றார். வாசித்தேன். மனைவி பக்கம் திரும்பி, "அளவு சரிதான்னு போட்டிருக்கு, கேட்டியா? அளவு சரிதான்" என்றார். இருந்த ஒரு கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வீட்டுக்கு வெளியே போய், எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவரிடமும் சொன்னார். பிட்டரின் கையைத் தன் மூன்று விரல் கையால் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.

சோறு போட்டது அவர் மனைவி. பிட்டருக்குப் போட்டார், எனக்கும் போட்டார். நான் சாப்பிட்டு முடித்துக் கைகழுவ எழுந்தபோது செம்பில் தண்ணீரோடு வந்தார். என் கையில் ஊற்றியபடியே, யாருக்கும் கேட்காத குரலில், "ரெண்டே எழுத்துதானய்யா? என்னன்னு ஒரு வாய் வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் தீர்ந்துவிட்டது. செம்பு சாய்ந்தபடியே இருந்தது. நான் நனைந்த கையோடு நின்றுகொண்டிருந்தேன்.